நான்கு கிலோ சந்தேகம்

மூன்று டாக்டர் கட்டடத்தில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டரம்மாவின் எடை, அந்தக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்து முடித்த ஏழாவது வாரத்தில், நூற்று எழுபத்தாறு கிலோ. உடம்பு மட்டும் பழைய நாற்பத்தெட்டு கிலோ உடம்பாகவே இருந்தது. உடுப்பு எதுவும் இறுகவில்லை, மோதிரம் விரலில் வழக்கம்போல லொடலொடவென்று சுற்றியது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்தால் ஸ்டூல் முனகியது, படியேறினால் கைப்பிடிக் கம்பி மேல்மாடி வரை அதிர்ந்தது, புதுச் செருப்பு ஒரே நாளில் அட்டை மாதிரித் தட்டையாகிவிட்டது. நோயாளிகளை நிறுக்கும் மெஷினில் முள் நூற்றிருபதைத் தொட்டு அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுவிட்டதால், அவள் புருஷன் தன் ஆபீஸிலிருந்து மூட்டை நிறுக்கும் மெஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைச் சரியாகச் சொல்ல முடிந்தது. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஊரில் அவரை முத்திரைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் நிறுத்துச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

அந்தக் கட்டடத்தில் இருந்த மூன்று டாக்டர்களும் ஹோமியோபதி டாக்டர்கள். மூன்று பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே சர்க்கரை உருண்டை, ஒரே மாதிரி விரல் நீள பாட்டில். ஒற்றுமை அதோடு சரி. பெரியவர் ஒத்தைத்துளி டாக்டர். அவரிடம் போனால் ஒன்றரை மணி நேரம் கேள்விதான். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறாய், இடி இடித்தால் தாகம் எடுக்கிறதா, அழும்போது யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை நிற்கிறதா கூடுகிறதா என்று தலைவலிக்கு வந்தவனிடம் தலையைத் தவிர எல்லாவற்றையும் கேட்பார். கேட்டு முடித்து, தடித்த புத்தகம் இரண்டைப் புரட்டி, ஒரே ஒரு மருந்தை ஒரே ஒரு வேளை கொடுப்பார். பிறகு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். நடுவில் இரண்டாவது மருந்து கொடுப்பது அவர் கணக்கில் கொலைக்குச் சமம். அவருடைய தங்கை புருஷன் கலவை டாக்டர். அவர் மூன்றே நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிடுவார். நோய்க்கு என்ன பேரோ அதற்குப் பதினோரு மருந்தை ஒரே பாட்டிலில் ஊற்றி, மூன்று வேளை பதினைந்து சொட்டு என்று எழுதுவார். பதினொன்றில் ஒன்றாவது வேலை செய்யாமலா போய்விடும் என்பது அவருடைய சித்தாந்தம். பெரியவருக்குத் தங்கையும் கலவைக்குப் பெண்டாட்டியுமான கனவு டாக்டரம்மா மூன்றாவது. அவருக்கு நோயின் பேரும் வேண்டாம், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறாய் என்பதும் வேண்டாம். என்ன கனவு வந்தது என்று கேட்பார். வலியைப் பற்றிச் சொல்லும்போது கை எப்படிப் போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். உலகத்தில் இருக்கிற எதுவும் மருந்தாகும், அதன் குணம் என்னவென்று நமக்குத்தான் தெரியவில்லை என்பார்.

மூன்று பேரும் மாடியில் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது வைத்தியம் பேசக்கூடாது என்று ஒரு ஏற்பாடு. அதனால் பருவநிலை பற்றி நிறையப் பேசினார்கள். கீழே வந்ததும் மச்சான் ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் வேடிக்கை பார்க்கிறவர் என்று மாப்பிள்ளை சொல்வார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிகிறவர், பதினொன்றில் ஒன்று மாங்காய்மேல் படும், மீதிப் பத்தும் பக்கத்து வீட்டு ஜன்னல்மேல் படும் என்று மச்சான் சொல்வார். அவர்கள் இரண்டு பேரும் கண்ட கனவு என்னவென்று தெரிந்துகொள்வதிலேயே குறியாக இருந்தார் டாக்டரம்மா. ஒவ்வொருவர் அறைக்கதவும் அரை சாண் திறந்தே இருக்கும். தன் நோயாளி அடுத்த அறைக்கு நழுவுகிறானா என்று பார்க்க அந்த அரை சாண் போதுமாக இருந்தது.

இந்த மூன்று அறைக்கும் நடுவில், மூன்று பக்கமும் சின்ன ஜன்னல் வைத்த மருந்துக் கூண்டில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவள்தான் கம்பவுண்டரம்மா. மூன்று பேரும் அவளை மட்டும் நம்பினார்கள். நம்பினார்கள் என்றால், அவள் தன் கட்சி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். யாரும் வெளியில் சொல்லாத விஷயங்கள் அவளுக்குத் தெரியும். ஒத்தைத்துளி டாக்டரின் சீட்டில் எஸ்.எல். என்று இரண்டெழுத்து இருந்தால் அது வெறும் சர்க்கரை உருண்டை, மருந்து ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆறு வாரம் சும்மா காத்திரு என்றால் எந்த நோயாளி காத்திருப்பான்? அதனால் முதல் பொட்டலத்தில் மருந்து, மீதி நாற்பத்தொரு பொட்டலத்திலும் எஸ்.எல். அந்த நாற்பத்தொன்றையும் அவள் மருந்து கட்டுகிற அதே மரியாதையோடு மடித்துக் கொடுப்பாள்.

பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் மாடியில் அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவின் பூட்டைச் சுத்தியலால் உடைத்தார்கள். சாவி தொலைந்து எத்தனையோ வருஷம், யார் தொலைத்தது என்பதில் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனவு டாக்டரம்மா அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு மனசில் ஏதோ பட்டுவிட்டது. துருவைச் சுரண்டி, பால் சர்க்கரையோடு கல்வத்தில் போட்டு மூன்று மணி நேரம் அரைக்கச் சொன்னார். அரைத்ததில் ஒரு பங்கு, ஸ்பிரிட் கலந்த தண்ணீர் தொண்ணூற்றொன்பது பங்கு. பாட்டிலை மூடித் தோல் அட்டை போட்ட தடிப் புத்தகத்தின்மேல் நூறு தடவை தட்டினால் ஒரு வீரியம். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி தொண்ணூற்றொன்பதில் விட்டு நூறு தடவை தட்டினால் அடுத்த வீரியம். சரக்கு குறையக் குறைய வீரியம் ஏறும் என்பது அவர்கள் சாஸ்திரம், மூன்று டாக்டரும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான். தட்டுகிற வேலை கம்பவுண்டரம்மாவுடையது. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆறாவது வீரியம் வரை தட்டிக் கொடுத்தாள். இனி நல்ல ஆரோக்கியமான நாலு பேருக்கு அதைக் கொடுத்து என்ன ஆகிறது என்று எழுதி வைக்க வேண்டும். நல்லா இருக்கிறவனுக்கு எதைக் கொண்டுவருகிறதோ அதை நோயாளியிடமிருந்து எடுத்துவிடும் என்பதும் அதே சாஸ்திரம்.

பெயிண்ட் வாடை பட்டால் மருந்து செத்துவிடும். பூட்டுத் துரு பாட்டிலை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். கம்பவுண்டரம்மா நிழல் தேடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். மூடி லேசாகத் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பாட்டில் உள்ளே விழுந்து, கார்க் கழன்று மிதந்தது. அவள் தோள் வரை கையை விட்டுக் காலி பாட்டிலை எடுத்தாள். கீழே வந்து அதே அளவு ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஊற்றி, லேபிளைத் துடைத்து, வாடை போன பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மூன்று பேரில் யாருக்காகக் கொட்டினாய் என்றுதான் முதல் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வேறு யாராவது என்றால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். ரெண்டாயிரம் லிட்டர் தண்ணீரில் நாலு ஸ்பூன் மருந்து, அதிலும் துரு இருக்கிற இடமே தெரியாத மருந்து, என்ன பெரிய விஷயம் என்று போயிருப்பார்கள். அந்தக் கட்டடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒத்தைத்துளி டாக்டரின் நாற்காலி கால் முறிந்தது. அவர் எடை எழுபதிலிருந்து எண்பத்தாறுக்குப் போயிருந்தது. தன் பதினொரு மருந்துச் சூத்திரம் ஒன்றை மச்சான் திருட்டுத்தனமாக எழுதி எடுத்துவிட்டார் என்று கலவை டாக்டருக்கு அன்று காலையில்தான் ஒரு எண்ணம் விழுந்திருந்தது. காத்திருந்தவர்களில் ஏழு பேருக்கு இவர் நம்மைச் சும்மா அலைக்கழிக்கிறாரோ என்று தோன்றியிருந்தது. மறுநாள் கலவை டாக்டர் ஏறியதும் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பால் கொண்டுவந்தவரின் சைக்கிளில் இரண்டு டயரும் ஒன்றாக வெடித்தன. காத்திருக்கும் அறைக் குழாயில் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். யார்மேல் சந்தேகம் விழுந்ததோ அவருக்கு அந்த நிமிஷமே எடை கூடியது. ஒருவர் சந்தேகப்பட்டால் இரண்டு கிலோ. சந்தேகப்பட்டவர் குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும், லேசாகச் சந்தேகப்பட்டாலும் பலமாகச் சந்தேகப்பட்டாலும் அதே இரண்டு கிலோதான். தெருவில் யாரையெல்லாம் நம்பவில்லை என்பது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் ஒருவர், தலைசுற்றலுக்காக வருகிறவர், கட்டடத்துக்குள் நுழையும்போதே தரைக்கல் நொறுங்கியது. அவர் யாரையும் ஒன்றும் செய்ததில்லை, முகம் அப்படி.

வினோதம் என்னவென்றால், கம்பவுண்டரம்மாவும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள், ஆனால் அவளால் யாருக்கும் ஒரு கிராம்கூட ஏறவில்லை. தப்பு செய்தது தான்தான் என்று தெரிந்தவளுக்கு யாரைச் சந்தேகப்பட இருக்கிறது? அவளுக்குப் பயப்படத்தான் நேரம் சரியாக இருந்தது.

டாக்டர்கள் வைத்தியத்தில் இறங்கினார்கள். ஒத்தைத்துளி டாக்டர் ஒவ்வொருவரையும் ஒன்றரை மணி நேரம் விசாரித்து ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டு ஆறு வாரம் என்றார். கலவை டாக்டர் இருபத்திரண்டு மருந்தை ஒரு ஜாடியில் ஊற்றினார். கனவு டாக்டரம்மா எல்லோரிடமும் கனவு கேட்டார். எல்லோருக்கும் ஒரே கனவு வந்திருந்தது: உள்ளே இருக்கிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது, சாவி துவாரத்தில் வெளியிலிருந்து ஒரு கண். கேட்ட மாத்திரத்தில் டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. இது என் மருந்து என்றார். ஆனால் அலமாரியில் பாட்டில் கழுத்து வரை நிறைந்து நின்றது. அதிலிருந்து பத்துச் சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அவர் மெல்லத் திரும்பி மருந்துக் கூண்டைப் பார்த்தார். கூண்டுக்குள் ஸ்டூல் முனகியது.

அன்றிலிருந்து சந்தேகம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. மச்சானுக்கு உளவு பார்க்கிறாள் என்று மாப்பிள்ளையும், மாப்பிள்ளைக்கு என்று மச்சானும் நினைத்தார்கள். எஸ்.எல். என்றால் என்ன என்று கேட்டுப் பதில் வராத நோயாளிகள், நல்ல மருந்தை எடுத்து ஒளித்துவிட்டு நமக்கு வெறும் சர்க்கரையைக் கட்டுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை, அதனால் மறுக்கவும் முடியவில்லை. வாரத்துக்கு வாரம் அவள் கனத்துப்போனாள். கொட்டியது என் கைதான், அதை என் கையாலேயே கழுவிவிடுகிறேன் என்று தீர்மானித்தாள். விடியற்காலையில், வீட்டில் சொல்லாமல், முதல் ஆளாக வந்து மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்துவிட்டாள். தண்ணீர் முழுதும் ஓடியதும் பம்பைப் போட்டாள். எடை குறையும் என்று எதிர்பார்த்தாள். மாலைக்குள் ஒரு சந்தேகத்துக்கு இரண்டு கிலோவாக இருந்தது மூன்று கிலோவாகிவிட்டது.

சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரமும் ஏறினாள். படி ஒவ்வொன்றும் அவளைத் திட்டியது. தொட்டியைக் காலி செய்து, பம்பைப் போட்டு, மூச்சு வாங்க அதன் பக்கச் சுவரில் கை வைத்துச் சாய்ந்து நின்றாள். பம்ப் பழையது, தண்ணீரை விட்டு விட்டுத் துப்பும், ஒவ்வொரு துப்புக்கும் குழாய் தொட்டிச் சுவரில் மடேர் மடேரென்று அடிக்கும். பழக்க தோஷம், அவள் வாய் தானாக எண்ணியது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. நூறு என்று வாய் சொன்னதும் அவள் குனிந்து தொட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தண்ணீர் வெளியேறும் துவாரம் தரையோடு இல்லை, இரண்டு விரல் மேலே இருந்தது. எவ்வளவு திறந்துவிட்டாலும் அடியில் இருபது லிட்டர் தங்கும். ரெண்டாயிரத்தில் இருபது என்றால் நூற்றில் ஒரு பங்கு. மேலே தொண்ணூற்றொன்பது பங்கு புதுத் தண்ணீர். நூறு தட்டு. அவள் தொட்டியைக் கழுவவில்லை, இரண்டு தடவை வீரியம் ஏற்றியிருக்கிறாள். ஊரில் வேறு யார் கழுவியிருந்தாலும் அது கழுவியதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அன்று மாலை ஒரு சந்தேகம் நான்கு கிலோ ஆகியிருந்தது.

இவ்வளவிலும் அவளுக்கு ஒரே ஒரு நிம்மதி இருந்தது, புருஷன். வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் பத்தொன்பது வருஷமாகக் கட்டடத்துத் தண்ணீரைத்தான் பெரிய பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவாள். மருந்து பாட்டில் தொட்டியில் விழுந்த அன்றே அதை நிறுத்திவிட்டாள். ஏன் பாட்டில் காலியாக வருகிறது என்று அவர் கேட்டதற்கு, அங்கே பைப் உடைஞ்சுபோச்சு என்றாள். ஊரே தன்மேல் ஏறி உட்கார்ந்தாலும் அந்த மனுஷன் ஏறவில்லை என்பது அவளுக்குப் பெரிய பலமாக இருந்தது. அவர் கேள்வி கேட்காத மனுஷன். படிக்கல்லில் அரை கிராம் தேய்ந்திருந்தால் கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கல்லை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்கள் மாடியை விட்டு இறங்கி வராத நாளில், காத்திருக்கும் அறையில் மூட்டை மெஷினைச் சமமாக நிறுத்தி, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ஏழு படிக்கல்லையும் ஒவ்வொன்றாக வைத்து மெஷினைச் சோதித்துவிட்டு, அவளை ஏறச் சொன்னார். நூற்று எழுபத்தாறு. அவர் அதற்கு முன்பே இரண்டு வாரமாக இந்த விஷயத்தை ஆராய்ந்து வைத்திருந்தார். ஒரு சந்தேகத்தின் எடை அந்த வாரத்தில் எவ்வளவோ அது கிராம் பிசகாமல் இருக்கிறது, எங்கள் ஆபீஸ் படிக்கல்லே இவ்வளவு சுத்தமில்லை என்று அவருக்கே ஆச்சரியம். யார் யார் உன்னைச் சந்தேகப்படுகிறார்கள், ஒரு ஆள் விடாமல் சொல்லு என்றார். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். டாக்டர்கள் மூன்று பேர், டைப்பிஸ்ட், பால்காரர், மூட்டுவலி அக்கா தங்கை இரண்டு பேர் என்று எண்ணி முப்பத்தொன்றில் வந்து நின்றது. இதற்கு மேல் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களே கிடையாது என்றாள்.

அவர் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பெருக்கினார்.

"முப்பத்தொண்ணு நாலு நூத்தியிருபத்துநாலு. உன்னோடது நாப்பத்தெட்டு. நூத்தியெழுபத்திரண்டுதான் வரணும்."

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும், பாருங்க."

அவர் பார்க்கவில்லை. குனிந்து படிக்கல்லை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஏழாவது கல்லை வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"மெஷின் சரியாதான் இருக்கு."

கம்பவுண்டரம்மா மெஷினை விட்டு இறங்காமல் அப்படியே நின்றாள். முப்பத்தொரு பேர் ஏற்றியதெல்லாம் சேர்ந்து அவளை அழுத்தியபோது முதுகு வலித்தது, அவ்வளவுதான். இந்தக் கடைசி நான்கு கிலோ வேறு எங்கேயோ போய் உட்கார்ந்தது. எப்பங்க தண்ணி குடிச்சீங்க என்று கேட்டாள். பைப் உடைந்துவிட்டது என்று அவள் சொன்ன மறுநாள், வேலை விஷயமாக இந்தத் தெருவுக்கு வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். பைப்பில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. வருகிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் பிடித்திருக்கிறார், பிடித்ததை வீணாக்குவானேன் என்று குடித்திருக்கிறார். பிறகு அவள் விடியற்காலையில் சொல்லாமல் எழுந்து போவதையும் கை ஈரமாகத் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார். என்ன சந்தேகம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நீ எதையோ மறைக்கிறாய் என்று மட்டும்தான் என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், கார்க், ஸ்பிரிட், இரண்டு தடவை கழுவியது, நூறு தட்டு. அவரைக் குடிக்கவிடக் கூடாது என்றுதான் அந்தப் பொய் சொன்னதாகவும் சொன்னாள். சொல்லி முடித்தபோது முள் நூற்று எழுபத்திரண்டில் நின்றது. தெரிந்துபோன விஷயத்துக்கு எடை இல்லை என்பதை அவர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவள் தோளைத் தொட்டு, நாளைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு, இறங்கிவிடும் என்றார். அதுதான் மருந்து என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

திங்கள்கிழமை காலை காத்திருக்கும் அறை நிரம்பியதும் அவள் கூண்டை விட்டு வெளியே வந்து சொன்னாள். எஸ்.எல். விஷயத்தையும் சேர்த்தே போட்டு உடைத்தாள், ஏனென்றால் நோயாளிகள் ஏற்றிவைத்த எடையை இறக்க வேறு வழியில்லை. ஒத்தைத்துளி டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஆமாம், நாற்பத்தொரு பொட்டலமும் வெறும் உருண்டைதான் என்று ஒத்துக்கொண்டார். மூட்டுவலி அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எங்களுக்கு வலி கேட்டது அந்த உருண்டையில்தான், அதையே கொடுங்கள் என்றார்கள். கம்பவுண்டரம்மாவின் எடை மத்தியானத்துக்குள் நூற்றுக்குக் கீழே வந்தது, மாலையில் ஐம்பத்திரண்டு. அந்தக் கடைசி நான்கு டைப்பிஸ்டுடையது. அவர் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சந்தேகப்பட்டார். தொட்டியைப் போய்ப் பார்த்து, துவாரத்தை விரலால் அளந்து, நான்கு நாள் கழித்துத்தான் நம்பினார். அவள் நாற்பத்தெட்டுக்குத் திரும்பினாள்.

குணமானது யாரால் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கணக்குப் பார்த்தால் அன்று தன் ஒரு வேளை மருந்து கொடுத்து ஆறாவது வாரம் முடிகிறது, வேறென்ன சாட்சி வேண்டும் என்றார் ஒத்தைத்துளி டாக்டர். இருபத்திரண்டில் ஒன்று வேலை செய்துவிட்டது, எது என்று கேட்காதீர்கள் என்றார் மாப்பிள்ளை. கனவு டாக்டரம்மாவுக்குக் கோபமே இல்லை. ஒரு ஊர் முழுக்கத் தன் மருந்தைச் சோதித்துக் கொடுத்ததற்காக அவளுக்கு இரண்டு கையாலும் கைகொடுத்தார். அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. எந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது, தவிர, தனக்காகத்தான் கொட்டியிருக்கிறாள் என்று மூன்று பேரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். தொட்டியை இனி கழுவக் கூடாது என்று மட்டும் ஒரு மனதாகத் தீர்மானம் போட்டு, மூடியைச் சிமெண்ட் வைத்து அடைத்து, வேறு தொட்டி வாங்கினார்கள். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் சாக்கடைக்கும் சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும் போய் எத்தனையோ வீரியம் ஏறியிருந்தது. எடையும் நான்கோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எந்த வீரியத்திலும் ஏறாது போலிருக்கிறது. இரண்டு வருஷத்தில் முத்திரை ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது: ஆட்களை நிறுக்கும்போது சந்தேகத்தைக் கழித்துக்கொண்டு எழுதவும்.

ஆனால் அது பிந்தி நடந்தது. அவள் நாற்பத்தெட்டுக்குத் திரும்பிய அடுத்த மாதம் மூட்டை மெஷினை ஆபீஸுக்குத் திருப்பி எடுத்துப்போக முத்திரைக்காரர் வந்தார். தள்ளுவண்டி ஆள் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று படிக்கல்லை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. சும்மா தானும் ஏறி நின்றார். அவர் இருபது வருஷமாக அறுபத்துநாலு கிலோ. முள் அறுபத்தெட்டில் நின்றது.

அவர் இறங்கி மறுபடி ஏறினார். பையிலிருந்த சாவிக்கொத்தையும் பேனாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு ஏறினார். அறுபத்தெட்டு. அந்த அறையில் அவரைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். மருந்துக் கூண்டுக்குள் உருண்டைக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் மறைக்க ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டவள். சொன்ன பிறகுதான் அவளுக்கு மற்றவர்களைச் சந்தேகப்பட இடம் கிடைத்திருந்தது. பொய் சொன்னது நான்தான், எனக்குத் தெரியாதா என்று அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனாலும் பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு பொய், அதைக்கூட வந்து எட்டிப் பார்த்துக் குழாயைத் திருகிப் பார்த்திருக்கிறாரே என்பது ஆறவில்லை. இப்போது அவர் இந்தத் தெருவுக்கு வந்தால் வேலையாக வந்தாரா, பார்க்க வந்தாரா என்று கை வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். இன்றும் அவர் வாசலில் நுழைந்தபோது யோசித்திருந்தாள்.

அவர் மெஷினின் அடியில் குனிந்து திருகாணியைத் தேடினார். அவள் பொட்டலத்தை மடித்து முடித்து, ஓரத்தை நகத்தால் நீவினாள்.

"மெஷின் சரியாதான் இருக்குங்க."

அவர் திருகாணியை விட்டுவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் வந்ததும் இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கி ஏற்றினார்கள். அந்த நான்கு கிலோவைப் பற்றி அவர்கள் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது, ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், சேர்ந்தே கடைக்குப் போனார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தூங்காமல் இருந்தார். அவள் எத்தனையோ தடவை மனசார அதை இறக்கிவிடப் பார்த்தாள். ஒரு தடவை, அவருக்கு ஆபரேஷன் ஆன வாரத்தில், இறங்கியும் விட்டது. அவர் தேறி வீட்டுக்கு வந்து, ஜன்னல் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று அவள் போட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்த அன்று திரும்ப வந்துவிட்டது. அவர் ஓய்வு பெற்றபோது ஆபீஸ் டாக்டர் அறுபத்தெட்டு என்றுதான் எழுதினார், கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும், அது என்னுடையதுதான் என்றார். அவர் மாடிப்படி ஏறினால் நான்காவது படி மட்டும் லேசாக முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். கட்டிலில் அவர் பக்கம் மட்டும் ஒரு பலகை கூடுதலாக அடித்துக்கொண்டார்கள்.